வீடு வாங்குமுன் ஊர்ப்பெயர் கேட்க!

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது தமிழ்க்குடியின் பழைய வேட்கை. திங்கள்தோறும் குடிக்கூலியை அளந்து கொடுத்தும், வீட்டுக்குடையவர் குறித்த நாளில் பெட்டி படுக்கையோடு தெருவுக்கு வரவேண்டிய நிலையினின்று நீங்கி, தன் பெயரில் ஒரு வாயிற்படி வேண்டும் என்று நடுத்தரக் குடும்பம் ஏங்குவது குற்றமன்று. ஆயின் அவ்வேக்கத்தைக் காசாக்குவதற்கென்றே ஒரு கூட்டம் சென்னையைச் சுற்றிக் காத்து நிற்கிறது.

சென்னைக்குள் கால்காணி நிலமும் கனவாகிவிட்ட ஆசிரியரும் எழுத்தரும் செவிலியரும் தொழிலாளரும் தொடர்வண்டிப் பாதையைப் பற்றிக்கொண்டு புறம்புறமாக நகர்கின்றனர். தெற்கே தாம்பரம் கடந்து வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், செங்கற்பட்டு. மேற்கே ஆவடி கடந்து பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர். வடக்கே மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி. இவற்றுள் எவ்வூரைத் தேர்வது? வாங்கப் புகுவோர் கேட்கும் முதற்கேள்வி, 'சதுர அடி என்ன விலை?' என்பதே. பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

விலை என்பது விற்பவன் வாய்திறந்து சொல்லும் தொகை மட்டுமன்று. 25 இலக்கம் உருபாவை நூற்றுக்கு எட்டரை வட்டியில் 20 ஆண்டுக்குக் கடன் கொண்டால், திங்கள்தோறும் கட்டவேண்டியது ஏறத்தாழ 21,700 உருபா. 240 திங்களும் கட்டி முடிக்குங்கால் கைவிட்டுப் போனது 52 இலக்கத்துக்கு மேல். கொண்ட கடனினும் கொடுத்த வட்டி பெரிது! இதனோடு, தமிழ்நாட்டில் விற்பனை ஆவணத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 30 இலக்கத்து வீட்டுக்கு இவை மட்டுமே 2,70,000 உருபா. வைப்பகம் பெரும்பாலும் வீட்டு விலையின் ஒரு பங்குக்கே கடன் தரும்; எஞ்சியதும் பதிவுச் செலவும் கையிலிருந்தே வரவேண்டும். இக்கணக்கை முன்னரே போடாதவர், பதிவு நாளன்று இல்லாளின் கழுத்தணியை எடுத்துக்கொண்டு அடகுக்கடை வாயிலில் நிற்கின்றார்.

இஃது எழுதப்பட்ட விலை. எழுதப்படாத விலை ஒன்றுண்டு. அதுதான் வாழ்நாள்.

எழும்பூரில் பணிபுரியும் ஒருவரை எண்ணிப் பார்க்க. தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு மின்தொடர்வண்டியில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம். செங்கற்பட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். வேறுபாடு முக்கால் மணிதானே என்று தோன்றும். போகவர நாளொன்றுக்கு ஒன்றரை மணி. ஆண்டுக்கு 280 பணிநாள் என்றால் 420 மணி. எட்டு மணி வேலைநாளாகப் பகுத்தால் 52 நாளுக்கு மேல். கடன் தீரும் 20 ஆண்டில் 8,400 மணி. அஃதாவது, இரவும் பகலுமாக 350 நாள்! மலிவென்று வாங்கிய மனைக்கு மாந்தன் தன் வாழ்வில் ஏறத்தாழ ஓர் ஆண்டை வெட்டிக் கொடுக்கிறான். பிள்ளைகள் விழிக்குமுன் புறப்பட்டு, அவர்கள் உறங்கியபின் திரும்பும் தந்தைக்கு வீடு இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன?

இதனாற் செங்கற்பட்டு தீது, தாம்பரம் நன்று என்பது முடிபன்று. பணியிடம் மறைமலைநகர்த் தொழிற்சாலையாயின் செங்கற்பட்டே அண்மை, எழும்பூரே தொலைவு. ஊரின் தொலைவை நடுநகரத்திலிருந்து அளத்தல் கூடாது. அவரவர் பணியிடத்திலிருந்தும் பிள்ளைகளின் பள்ளியிலிருந்தும் அளத்தல் வேண்டும் என்பதே கருத்து. கடற்கரை-தாம்பரம் பாதை 1931-இலேயே மின்பாதையாயிற்று. அதனால் அவ்வழியூர்கள் முந்தி வளர்ந்தன, விலையும் ஏறிற்று. தாம்பரத்தோடு திரும்பிவிடும் வண்டிகள் பல; அதற்கப்பாற் செல்வன சிலவே. ஆதலின் வண்டி உண்டா என்பதோடு நில்லாமல், காலையில் எத்தனை மணித்துளிக்கு ஒருமுறை உண்டு, இரவில் கடைசி வண்டி எப்போது என்றும் கேட்க. விளம்பரம் சொல்லும் 'நிலையத்திலிருந்து பத்து மணித்துளி' என்பது எவர் ஊர்தியில், எந்த நேரத்தில் என்பதை நடந்து பார்த்தே அறிக. வரப்போகும் நிலையத்துக்கும் போடப்போகும் சாலைக்கும் இன்றே விலை கொடாதிருக்க. கிளாம்பாக்கத்தில் பெரும் பேருந்து நிலையம் 2023 திசம்பர்த் திங்களில் திறக்கப்பட்ட அன்று, அதற்கென ஒரு தொடர்வண்டி நிலையம் ஆங்கில்லை. வாக்குறுதி ஏறிச் செல்லும் வண்டியன்று.

பொருளையும் காலத்தையும் விட இன்றியமையாதது நீர். இங்கேதான் தமிழ்ப்பெயர் சான்று சொல்ல வருகிறது.

தமிழன் ஊருக்குப் பெயரிட்டது அழகுக்காக அன்று. நிலத்தின் இயல்பை வருந்தலைமுறைக்கு அறிவிப்பதற்காக. தாங்கல் என்றால் நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி. ஏந்தல் என்றாலும் நீரை ஏந்தி நிற்பதே. ஏரி, குட்டை, ஓடை, மதகு, கலங்கல், பள்ளம், மேடு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு நிலவரைபடம். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்னும் பெயர்களைத் தமிழறிந்தவன் காதாற் கேட்டபோதே, ஈண்டு நீர் நின்றது என்று அறிவான். 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராயநகர் எழுந்தது. ஏரியைக் காணும் சாலை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு ஒரு சாலை மேற்கு மாம்பலத்தில் இன்றும் உண்டு. காண்பதற்கு ஏரிதான் இல்லை. முகப்பேரில் ஏரித் திட்டம் என்றே ஒரு குடியிருப்புக்குப் பெயர். பெயர் மறைக்கவில்லை, படிப்பார்தாம் இல்லை.

இன்றைய மனை வணிகர் அப்பெயர்களையும் விட்டுவைப்பதில்லை. ஏரியின் வயிற்றில் நான்கு கல் நட்டு, அதற்குத் தோட்டம் என்றும் அரண்மனை என்றும் ஆங்கிலத்திற் பெயர்சூட்டி, வண்ணத்தாளில் அச்சிட்டு வழங்குகின்றனர். மறைமலையடிகள் 1911-இற் சென்னையை நீங்கிப் பல்லாவரத்தில் மனையமைத்து வாழ்ந்தார். அந்நாளில் அதுவும் புறநகரே. அப்பாதையிலேயே அவர் பெயரால் ஒரு நகரும் நிலையமும் அமைந்துள்ளன. அப்பெரியாரின் பெயர் தாங்கிய பாதையோரத்திலேயே தமிழ் ஒலிக்காத மனைப்பிரிவுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன! இது மொழிக்கேடு மட்டுமன்று. மோசடிக்குப் போர்த்திய போர்வை. பழம்பெயர் வழங்கினால் வாங்குவோன் விழித்துக்கொள்வான் என்பதே பெயர் மாற்றத்தின் கரணியம்.

மழை அப்போர்வையை விலக்கிக் காட்டிற்று. 2015 திசம்பர்த் திங்களில் முடிச்சூரும் வரதராசபுரமும் மேற்குத் தாம்பரத்தின் பகுதிகளும் நீரில் மூழ்கின. ஆதனூர் முதலிய ஏரிகளின் மிகைநீர் அடையாறாய்த் திரண்டு ஓடும் வழி அது. 2023 திசம்பர்ப் புயல்மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் உலகறிந்த இராம்சார் பட்டியலில் இடம்பெற்றது; அதன் விளிம்பைக் கட்டடங்கள் முன்னரே தின்றுவிட்டன. ஏரியைக் கூறுபோட்டு விற்றவன் பணத்தோடு போய்விடுகிறான். வாழ்நாள் ஈட்டத்தைக் கொட்டி வாங்கியவனோ, வெள்ளத்தில் நனைந்து, பின்னர் நீர்நிலையைக் கவர்ந்தவன் என்னும் பழியையும் சுமந்து, வழக்குமன்ற வாயிலில் நிற்கிறான். நீர் தன் வழியை மறப்பதில்லை, மாந்தன்தான் மறக்கிறான்.

ஆதலால் மனையைக் கோடையில் ஒருமுறையும் ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறையும் சென்று காண்க. கோடையிற் கிணற்று நீரின் சுவையையும் ஆழத்தையும் அறிக. மழையில் தெருநீர் எத்திசை ஓடுகிறதென்று பார்க்க. தரகனிடம் கேளாமல், அவ்வூரில் மாடு மேய்த்த முதியவரிடம் அந்நிலத்தின் பழம்பெயரைக் கேட்க. 2015-இல் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அண்டை வீட்டாரிடம் வினவுக. சுவரே விடை சொல்லும்.

அடுத்தது ஆவணம். பட்டா, புலப்படம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, முன்னுரிமையாளரின் மூல ஆவணங்கள் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்துதல் வேண்டும். புலப்படத்தில் ஓடையோ வாய்க்காலோ மனையை ஊடறுத்தால் ஆங்கே நின்றுவிடுக. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் இல்லாத மனைப்பிரிவை, ஊராட்சி முத்திரை ஒன்றையே காட்டி விற்பவனை நம்பற்க. ஒப்புதலற்ற பழைய மனைகளுக்கென 2017-இற் கொண்டுவந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்தோபர் 20 வரை பதிவான மனைகளை அடிப்படையாகக் கொண்டது. புதிதாகக் கூறுபோட்டவற்றுக்கு அதனைச் சொல்லி ஏய்ப்போரும் உளர். புதுக்கட்டடமாயின், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 500 சதுர மீட்டரையோ எட்டு வீட்டையோ விஞ்சும் திட்டம் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்திற் பதிவாதல் வேண்டும்; பதிவு செய்த ஒப்பந்தமின்றிப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் பெறுதலும் கூடாது. பட்டாவையும் வில்லங்கத்தையும் இன்று வீட்டிலிருந்தே அரசின் இணையத்தளங்களிற் காணலாம். காணாமல் கையெழுத்திடுவது அறியாமையன்று, மடி.

தொகுத்துரைப்பின், கேள்விகளின் வரிசையை மாற்றுவதே அறிவுடைமை. முதற்கண் நீர், அடுத்து ஆவணம், அதன்பின் பணியிடத்திற்குச் செல்லும் வழி, இறுதியாகவே விலை. முதல் மூன்றிலும் தேறாத மனை வெறுங்கையாகக் கிடைப்பினும் கொள்ளற்க. மூன்றிலும் தேறிய இடத்தில் இரண்டு அறை வாங்க இயலாதாயின் ஓரறை வாங்குக. அதுவும் இயலாதாயின் இரண்டாண்டு பொறுக்க. குடிக்கூலி வீட்டில் இருப்பது இழிவன்று. ஏரிக்குள் வீடு வாங்குவதே இழிவு.

வீடு வாங்கியபின் செய்யவேண்டிய கடமையும் ஒன்றுண்டு. வாயிற்பலகையில் வணிகன் இட்ட பெயரை அகற்றி, அந்நிலத்தின் பழந்தமிழ்ப் பெயரை எழுதி வைக்க. வருங்காலத்தில் அவ்வழி வரும் பிள்ளையொருவன் அதனைப் படித்து, ஏரி எங்கே, மேடு எங்கே என்று அறியட்டும். முன்னோர் விட்டுச்சென்ற எச்சரிக்கையை அழியாமற் கொடுத்துச் செல்வதும் பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்கும் செல்வமே.