பின் சீட்டுச் சோழர்கள்

சிதம்பரத்தில் வீடு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ். இப்படி ஜாதகம் அமைந்தவனுக்கு வாழ்க்கையில் பாதி பஸ்ஸிலேயே நடந்து முடிந்துவிடும். எனக்கும் அப்படித்தான். காலையில் 8.10 வண்டி. கடைசி நீள சீட்டும் அதற்கு முந்தின இரண்டு வரிசையும் எங்கள் சாம்ராஜ்யம். புதுசாக யாராவது வந்து உட்கார்ந்தால், புதுச்சத்திரம் வருவதற்குள் தானாக எழுந்து முன்னால் போய்விடுவார். நாங்கள் யாரையும் அடித்ததில்லை. பேசுவோம், அவ்வளவுதான்.

பே கமிஷனா, கிரிக்கெட்டா, சிதம்பரம் கொத்சுவில் கத்திரிக்காயைச் சுட்டுப் போடுவதா, வேகவைத்துப் போடுவதா... எதை எடுத்தாலும் இரண்டு கட்சி உண்டு. கடலூர் வந்ததும் கட்சியைக் கலைத்துவிட்டு டீ குடிப்போம். ஒரு வாரம் முழுக்க ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காமல் போனது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஒரு சினிமாவுக்காக.

2010 பொங்கல். ஜனவரி 14-ம் தேதி செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' ரிலீஸ். 'பருத்திவீர'னுக்குப் பிறகு கார்த்திக்கு வந்த அடுத்த படம். போஸ்டரில் கார்த்தி, ரீமா சென், ஆண்ட்ரியா. இது போதாதா? பொங்கல் லீவில் அவரவர் தனித்தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பஸ்ஸில் கூடினோம்.

வண்டி இன்னும் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பவில்லை. அதற்குள் எங்கள் ஹெட் கிளார்க் ஆரம்பித்துவிட்டார்.

"எம்.ஜி.ஆர். 1965-ல நடிச்ச பேரு சார் அது! அந்தப் பேரை வச்சிட்டு என்ன எடுத்திருக்கான்? ரத்தம், மாமிசம், ராவா! வீட்டுல பொங்கல் சாப்பிட்டுட்டுப் போனேன். சர்க்கரைப் பொங்கல் வேற!"

கடலூரில் தமிழாசிரியராக வேலை பார்த்த நண்பர், ஜன்னலோரத்திலிருந்து மெல்லத் திரும்பினார். "சார், இந்த மாதிரி ஒரு படம் தமிழ்ல இதுவரைக்கும் வந்ததில்ல. இன்னும் பத்து வருஷம் கழிச்சுப் பேசுவீங்க."

"பத்து வருஷம் கழிச்சு எனக்கு ரிட்டயர்மென்ட் ஆயிடும். நான் ஏன் இதைப் பத்திப் பேசணும்?"

அவ்வளவுதான். சாம்ராஜ்யம் இரண்டாக உடைந்தது. படம் பிடித்தவர்கள் சோழர்கள், பிடிக்காதவர்கள் பாண்டியர்கள். நான் பாண்டியன். ஒரு மெடிக்கல் ரெப் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல், "ஃபர்ஸ்ட் ஹாஃப் நீங்க சொல்றது சரி, செகண்ட் ஹாஃப் அவர் சொல்றது சரி" என்று சேம்பிள் மாத்திரை மாதிரி இரண்டு பக்கமும் விநியோகித்துக்கொண்டிருந்தார்.

படம் பார்க்காதவர்களுக்கு ஒரு பாராவில் கதை. 1279-ல் பாண்டியர் படையெடுப்பு. சோழ இளவரசனை ஒரு கூட்டத்தோடு கடல் தாண்டி அனுப்பிவிடுகிறார்கள். கூடவே பாண்டியர்களின் குலதெய்வச் சிலையும் போய்விடுகிறது. இந்தக் காலத்தில் அதைத் தேடி ஒரு பட்டாளம் கிளம்புகிறது. மூட்டை தூக்கிகளின் தலைவன் கார்த்தி. இடைவேளைக்குப் பிறகு பார்த்தால், தீவில் சோழர்களின் சந்ததி இன்னும் உயிரோடு இருக்கிறது. சோறில்லாமல், எலும்பும் தோலுமாக, "தஞ்சைக்கு எப்போது திரும்புவோம்?" என்று ஏங்கிக்கொண்டு. ராஜா பார்த்திபன். கடைசியில் துப்பாக்கிப் படை வந்து இறங்குகிறது. மீதியை 'ஏ' சான்றிதழ் கொடுத்த தணிக்கைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இடைவேளைக்கு அப்புறம் ராஜாவும் ஜனங்களும் பழைய தமிழில் பேச ஆரம்பித்ததும், என் பக்கத்து சீட்டுக்காரர் என் தோளைத் தட்டி, "டப்பிங் படமா சார்?" என்று கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரும்புக் குண்டைச் சுழற்றி மனிதர்களை நசுக்கும் அந்த அரங்கக் காட்சியில், முன் வரிசையில் ஒருத்தன் விசில் அடித்தான். அவன் பக்கத்தில் இருந்தவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். ஒரே காட்சி, ஒரே வரிசை, ஒரே டிக்கெட் விலை. அபிப்பிராயம் மட்டும் இரண்டு.

*

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் சண்டை முற்றியது. தமிழாசிரியர் சரித்திரத்தை இழுத்தார்.

"சோழனுக்கு முடி சூட்டற உரிமை தில்லைவாழ் அந்தணர்களுக்குத்தான். கூற்றுவ நாயனார் வந்து கேட்டப்பவே, 'சோழருக்கு மட்டும்தான் சூட்டுவோம்'னு மறுத்துட்டு சேர நாட்டுக்குக் கிளம்பிப் போனாங்க. பெரிய புராணத்துல இருக்கு. சிதம்பரத்துல பொறந்துட்டு நீங்க எப்படி சார் பாண்டிய கட்சி?"

ஹெட் கிளார்க் விடவில்லை. "பொன்னம்பலத்துக்குச் சோழனும் பொன் வேஞ்சான், பாண்டியனும் வேஞ்சான். நடராஜர் யாரையும் வேண்டாம்னு சொல்லல. நான் சினிமாவைப் பத்திப் பேசறேன். நரமாமிசத்தைக் காட்டித்தான் சரித்திரம் சொல்லணுமா?"

"போருன்னா அப்படித்தான் இருக்கும்."

"அதுக்குத் தியேட்டர் எதுக்கு? பத்து ரூபா சைக்கிள் ஸ்டாண்டு எதுக்கு?"

அப்போது நான் என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். "சார், நான் பார்த்த ஷோவுல கடைசி அரை மணியில பதினோரு பேர் எழுந்து போயிட்டாங்க. நான் எண்ணினேன். என் காலை மிதிச்சிட்டுப் போனவங்க மட்டும் மூணு பேர். படம் தேறாதுங்கறதுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

பாண்டியர் தரப்பில் பலத்த ஆரவாரம். கண்டக்டரே சிரித்தார்.

பின் கதவோரம் பெயிண்ட் வாளியோடு நின்றிருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. வழியில் ஒரு நிறுத்தத்தில் தினமும் ஏறுபவர். மாவட்டத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் குடியிருந்தார். கடலூரில் வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் வேலை. எங்களோடு அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"தம்பி, நானும் அப்பிடி எழும்பிப் போனவன்தான்."

"பார்த்தீங்களா!" என்றேன் வெற்றியோடு. "உங்களுக்கும் பிடிக்கலையாண்ணே?"

"பிடிச்சதோ பிடிக்கேல்லையோ எனக்குத் தெரியாது. கடைசிப் பகுதி பாக்கேல்லை." வாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "என்ர தங்கச்சி குடும்பம் வன்னியில. போன மே மாசத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்தப் படத்தில ஆமிக்காரர் சனத்தை இழுத்துக்கொண்டு போறாங்களெல்லோ... அதுக்குப் பிறகு இருக்க ஏலாமப் போச்சு."

கடலூர் வரும் வரை யாரும் பேசவில்லை. ஹெட் கிளார்க் குடையின் பிடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். தமிழாசிரியர்கூட, "நான் சொன்னேன் இல்ல" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரை நான் மன்னித்திருக்க மாட்டேன்.

அந்த வாரம் முழுக்கக் கடைசி சீட்டில் யாரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கோபம் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

*

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாததில்லை. எட்டு மாதம் கழித்து வந்த படம் அது. கடைசிக் காட்சிகளில் ஈழத்தைப் பார்த்ததாக அப்போதே பலர் சொன்னார்கள். அது என் மண்டையில் ஏறவே இல்லை. நான் காலை மிதித்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். முதல் பாதியில் காட்டுவாசிகளைத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளும்போது விசிலடித்த கூட்டத்தில் நானும் உண்டு. சுடுகிறவர்கள் நம்ம ஆட்கள், விழுகிறவன் யாரோ என்று இருந்தவரை அது ஆக்‌ஷன். அதே துப்பாக்கி இரண்டாம் பாதியில் தமிழ் பேசுகிற ஜனங்கள் மீது திரும்பியதும், "சே, என்ன வன்முறை!" என்றேன். ரத்தம் மாறவில்லை சார். நான் உட்கார்ந்திருந்த பக்கம்தான் மாறியது.

இதனால் நான் சோழனாக மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். படத்தில் குறை நிறைய. மந்திரம் எங்கே முடிகிறது, சரித்திரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. முதல் பாதியில் கார்த்தி இரண்டு கதாநாயகிகளிடமும் பேசுகிற பேச்சை வீட்டில் தங்கையோடு உட்கார்ந்து பார்க்க முடியாது. பெண்கள் படும் பாட்டைக் காட்டியே ஆக வேண்டும் என்றாலும், இத்தனை நேரம் காட்ட வேண்டுமா என்ற ஹெட் கிளார்க்கின் கேள்விக்கு இன்று வரை எந்தச் சோழனும் எனக்குத் திருப்தியாகப் பதில் சொன்னதில்லை.

ஆனால் "நம்ம ஊர்ல இப்படியெல்லாம் நடக்குமா?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. கொடுத்தவர் தமிழாசிரியர். ஒரு சனிக்கிழமை என்னையும் ஹெட் கிளார்க்கையும் திருவந்திபுரத்துக்குக் கூட்டிப் போனார். கடலூரிலிருந்து கூப்பிடு தூரம். தேவநாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு, கோயில் கல்வெட்டின் சங்கதியைச் சொன்னார்.

1231 வாக்கில் நடந்தது. மூன்றாம் ராஜராஜ சோழனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைக்கிறான் கோப்பெருஞ்சிங்கன் என்ற காடவர் தலைவன். செய்தி போய்ச் சேர்ந்ததும் போசள ராஜா நரசிம்மன், சோழ நாட்டை நிலைநிறுத்தியவன் என்ற பெயரைக் காப்பாற்றாமல் என் எக்காளம் ஊதப்படாது என்று சபதம் போட்டு, இரண்டு தளபதிகளை அனுப்புகிறான். ("இன்ட்ரோ சீன்!" என்றார் ஹெட் கிளார்க்.) அவர்கள் வரும் வழியில் ஊர் ஊராக அழிக்கிறார்கள். நடுவில் சிதம்பரம் போய்ப் பொன்னம்பலத்தைக் கும்பிடுகிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் முகாம் போடுகிறார்கள். பிறகு மறுபடி ஊர்களைக் கொளுத்துகிறார்கள், கொள்ளையடிக்கிறார்கள், பெண்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கடைசியில் சோழன் விடுதலை. சுபம்.

இவ்வளவும் எதிரி எழுதிய புகார் அல்ல. ஜெயித்தவர்கள் பெருமையாகக் கோயில் சுவரில் வெட்டி வைத்தது.

திருப்பாதிரிப்புலியூர் என்றால் வேறெங்கோ இல்லை. தினமும் நாங்கள் பஸ் ஏறுகிற திருப்பாப்புலியூர்தான்.

ஹெட் கிளார்க் ரொம்ப நேரம் சும்மா இருந்தார். பிறகு, "அந்தப் பொம்பளைங்க பேரு ஒண்ணாவது இருக்கா சார் கல்வெட்டுல?" என்று கேட்டார்.

தமிழாசிரியர் இல்லை என்று தலையாட்டினார்.

*

தமிழாசிரியர் ஜோசியம் பலித்துவிட்டது. 2010-ல் அந்தப் படத்தைத் தோல்வி என்றே ஊர் பேசியது. 18 கோடி செலவான படத்தை, பெருமைக்காக 32 கோடி என்று அறிவித்தது முட்டாள்தனம் என்று செல்வராகவனே 2021-ல் ஒப்புக்கொண்டார். இதற்குள் டி.வி.யிலும் செல்போனிலும் பார்த்துப் பார்த்து ஒரு தலைமுறையே சோழராக மாறியிருந்தது. இது நம்மூரில் மட்டும் நடப்பதில்லை. 1971-ல் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' எடுத்த ஸ்டான்லி குப்ரிக், எதிர்ப்பு கிளம்பியதும் பிரிட்டனில் தன் படத்தைத் தானே நிறுத்தினார். அவர் 1999-ல் இறந்த பிறகுதான், 2000-ல் அங்கே மறுபடி தியேட்டருக்கு வந்தது.

2020 டிசம்பர் 31. கொரோனாவினால் தியேட்டரில் பாதி சீட்டுக்குத்தான் அனுமதி. அன்றைக்கு 'ஆயிரத்தில் ஒருவன்' மறு ரிலீஸ். காலேஜில் படிக்கும் என் பையன் என்னை இழுத்துப் போனான். ஒரு சீட்டு விட்டு ஒரு சீட்டு. எல்லாரும் முகக்கவசம். அப்படியும் விசில் எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பழைய தமிழ் வசனத்தைப் பையன்கள் ராஜாவோடு சேர்ந்து ஒப்பிக்கிறார்கள். டப்பிங் படமா என்று கேட்க ஆள் இல்லை.

கடைசி அரை மணி வந்தது. விசில் நின்றது. நான் பழைய பழக்கத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவேளை பாத்ரூமாக இருக்கும். ஆனால் இந்தத் தடவை நான் எண்ணியதை யாரிடமும் சாட்சியாகச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் பையன் கேட்டான். "இதையாப்பா மோசம்னு சொன்னீங்க?"

"சொன்னேன்."

"இப்போ?"

பெயிண்ட் வாளி அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தங்கையிடமிருந்து தகவல் வந்ததா என்று கேட்டான். எனக்குத் தெரியாது. அந்த வருஷ ஆடி மாதத்துக்குப் பிறகு அவர் எங்கள் வண்டியில் ஏறவில்லை. எங்கே போனார் என்று நாங்கள் யாரும் விசாரிக்கவும் இல்லை. படத்தைப் பற்றி அத்தனை நாள் சண்டை போட்டவர்கள், இதை விசாரிக்கவில்லை.

மறுநாளே, 2021 ஜனவரி 1-ம் தேதி, தனுஷ் நடிக்க இரண்டாம் பாகம் என்று அறிவிப்பு வந்தது. "வந்தா ஃபர்ஸ்ட் டே போறோம்பா" என்று பையன் அன்றே சொல்லிவைத்துவிட்டான். போகலாம் என்றேன். ஒரே ஒரு கண்டிஷன். எனக்கு நடு சீட்டு வேண்டாம், ஓரத்து சீட்டும் வேண்டாம். ஓரத்துக்கு அடுத்த சீட்டு போதும்.

ஓரத்து சீட்டை யாருக்காவது விட்டு வைக்கலாம். எழுந்து போக வேண்டியவர்கள் யார் காலையும் மிதிக்காமல் போகட்டும்.