சந்தைச் சட்டமும் நோயாளியின் கட்டிலும்

வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் கமக்காரன் விலை பேசி விற்கிறான். வாங்குபவன் தரம் பார்த்து வாங்குகிறான். விலை கட்டாவிடின் இருவரும் தத்தம் வழியே செல்வர். இதிற் குற்றமில்லை, இதுவே சந்தையின் இயல்பு. ஆனால், அதே கமக்காரன் குளத்து நீரைத் தன் வயலுக்குப் பாய்ச்சும்போது அதனை ஏலத்தில் எடுப்பதில்லை. மேட்டு வயலும் பள்ள வயலும் முறைப்படி நீர் பெறவேண்டும் என்பதே ஊர்க்கட்டு. வெங்காயத்துக்குரிய விதியைக் குளத்து நீருக்கும் வைத்தால் யாது நேரும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. சந்தைக்கு ஒரு விதி, குளத்துக்கு ஒரு விதி என்னும் இவ்வெளிய உண்மை மறக்கப்பட்டமையால் ஐரோப்பாவில் எழுந்துள்ள பெரும் வழக்கையே இன்று எமது வாசகர்கள்முன் வைக்கிறோம்.

1957ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆந் திகதி பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஒல்லாந்து, லக்ஸம்பேர்க் ஆகிய ஆறு நாடுகளும் ரோமாபுரியிற் கூடி ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. இரு மகாயுத்தங்களினாற் சிதைந்த நாடுகள் அவை. போர்க்களத்தை விடுத்து வியாபாரத்தாற் பிணைந்து வாழ்வோம் என அவை துணிந்தமை பாராட்டுக்குரியதே. சுங்கத் தடைகளை நீக்குதல். பண்டமும் பணமும் சேவையும் தொழிலாளரும் எல்லை கடந்து செல்ல வழிவிடுதல். எந்த அரசாங்கமும் தன் நாட்டுக் கம்பனிக்கு மட்டும் பொதுப்பணத்தை வாரி வழங்கி அயல்நாட்டுக் கம்பனியை வீழ்த்தாது தடுத்தல். இவை அவ்வுடன்படிக்கையின் தலையாய நோக்கங்கள். வைத்தியசாலையையும் முதியோர் இல்லத்தையும் ஏழையின் வாடகை வீட்டையும் அவ்வந் நாடுகளே கவனித்துக்கொள்ளும் என்பதே அன்றைய எண்ணம். இன்று 27 நாடுகள் கொண்ட ஒன்றியமாக அவ்வமைப்பு வளர்ந்துவிட்டது. சுகாதார சேவையை ஒழுங்குசெய்யும் பொறுப்பு உறுப்பு நாடுகளுக்கே உரியது என்ற வாசகம் அதன் உடன்படிக்கையில் இன்றும் உண்டு. ஆயினும், சந்தைச் சட்டம் கோடிப்புற வழியாக உள்ளே நுழைந்துவிட்டது.

எவ்வாறு நுழைந்தது? ஒரு சொல்லின் பொருளை விரித்தே நுழைந்தது. போட்டிச் சட்டம் 'தொழில் நிறுவனங்களை' மட்டுமே கட்டுப்படுத்தும். எது தொழில் நிறுவனம்? 1991ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. பொருளாதார நடவடிக்கையில் ஈடுபடும் எந்த அமைப்பும் தொழில் நிறுவனமே. அதன் சட்ட வடிவம் யாது, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பன பொருட்டல்ல என்பதே அத்தீர்ப்பு. அவ்வழக்கிற் சம்பந்தப்பட்டது ஜேர்மனியின் அரசாங்க வேலைவாய்ப்பு நிலையம். அன்று தொட்டு, அரசாங்கம் நடத்துகிறது என்பதோ, தரும சங்கம் நடத்துகிறது என்பதோ, இலாபம் எடுப்பதில்லை என்பதோ தன்னளவிற் போதிய கவசமாக இல்லை. 'நீ யார்?' என்று சட்டம் கேட்பதில்லை. 'நீ செய்யும் வேலையை வேறொருவன் காசுக்குச் செய்ய முடியுமா?' என்றே கேட்கிறது. நோயாளியைக் குளிப்பாட்டுவதையும் கிழவிக்குக் கஞ்சி ஊட்டுவதையும் காசுக்குச் செய்ய முன்வருவோர் எந்நாட்டில் இல்லை?

நீதிமன்றத்தின்மீது ஒருதலைப்பட்சமாகப் பழி சுமத்த நாம் விரும்பவில்லை. 1993ஆம் ஆண்டில், பிரான்சின் நோய்க்காப்பு, முதுமைக்காப்பு நிதிகள் பற்றிய வழக்கில், உள்ளவன் இல்லாதவனைத் தாங்கும் ஒருமைப்பாட்டின்மீது அமைந்த அமைப்புகள் தொழில் நிறுவனங்களல்ல என்று அதே நீதிமன்றம் தீர்த்தது. 1998ஆம் ஆண்டில் லக்ஸம்பேர்க் பிரஜைகள் இருவரின் வழக்குகள் வந்தன. ஒருவர் பெல்ஜியத்தில் மூக்குக்கண்ணாடி வாங்கியவர். மற்றவர் தம் மகளின் பல்வைத்தியத்துக்கு ஜேர்மனிக்குச் செல்ல விரும்பியவர். முன்னனுமதி இல்லை என்று அவர்களுக்குப் பணம் மறுத்தமை தவறு என நீதிமன்றம் கூறிற்று. இத்தீர்ப்புகளால் நோயாளர் பலர் நன்மையடைந்தனர் என்பதை மறுப்பது நேர்மையன்று. அசமந்தமான அலுவலகத்தின் ஏகபோகத்தைச் சந்தை விதி தட்டியெழுப்பிய சந்தர்ப்பங்களும் உள. ஆனால், ஒரு மருந்து ஒரு நோய்க்கு நல்லதென்பதால் அதனை எல்லா நோய்க்கும் கொடுக்கலாமா? இதுவே எமது கேள்வி.

ஒல்லாந்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். அந்நாட்டில் 1901ஆம் ஆண்டிலேயே வீடமைப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன் நிழலில் வளர்ந்த வீடமைப்புச் சங்கங்கள் நாட்டின் மொத்த வீடுகளில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை வைத்திருந்தன. தொழிலாளியும் தாதியும் பள்ளி ஆசிரியரும் ஒரே தெருவில், ஒரே சங்கத்தின் வீடுகளில் அயலவராக வாழ்ந்தனர். அரச உத்தரவாதத்தாற் குறைந்த வட்டிக் கடனும், நகரசபையிடமிருந்து மலிவாக நிலமும் அச்சங்கங்களுக்குக் கிடைத்தன. 2005ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணைக்குழு இதன்மீது கண் வைத்தது. 2007ஆம் ஆண்டில், வீடுகளில் முதலிட்டிருந்த பெரு முதலீட்டாளரின் முறைப்பாடும் வந்து சேர்ந்தது. அரச உதவி பெறும் வீடுகள் வசதியுள்ளோருக்கும் செல்வதால் சந்தைப் போட்டி பழுதாகிறது என்பது வாதம். 2009ஆம் ஆண்டு டிசெம்பரில் முடிவு வெளியாயிற்று. 2011ஆம் ஆண்டு ஜனவரி முதல், வாடகைக்கு விடும் சமூக வீடுகளில் 90 சதவீதம் ஆண்டு வருமானம் 33,000 யூரோவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கே வழங்கப்படல் வேண்டும் என்றாயிற்று.

ஏழைக்கே வீடு என்பது நல்ல விதியல்லவா என்று சிலர் கேட்கலாம். மேலெழுந்தவாரியாகப் பார்ப்பின் அப்படியே தோன்றும். ஆனால், 34,000 யூரோ உழைக்கும் தாதியின் நிலை யாது? சங்க வீட்டுக்கு அவளது வருமானம் அதிகம். பெரு நகரின் தனியார் வாடகைக்கோ அது போதாது. வீடு வாங்கக் கடன் கேட்டால் வங்கி தயங்கும். சட்டத்தின் இரு வரிகளுக்கு இடையே அவள் நடுத்தெருவில் நின்றாள். இது வெறும் கற்பனை அச்சமன்று. 2015ஆம் ஆண்டில் ஒல்லாந்து அரசாங்கமே, நடுத்தர வருமானக்காரருக்கென மேலும் 10 சதவீதத்தை ஒதுக்கி அவ்விதியைத் தளர்த்த வேண்டி வந்தது.

சுவீடன் வேறு வழியைத் தேர்ந்தது. அங்கே நகரசபைகளின் வீட்டுக் கம்பனிகள் வருமானம் பாராது எல்லோருக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தன. வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்தினர் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டனர். கதவை ஏழைகளுக்கு மட்டும் என்று குறுக்குவதா, அன்றி அரச சலுகையைக் கைவிட்டு வியாபார முறையில் நடப்பதா என்ற நிலைக்குச் சுவீடன் வந்தது. அது பின்னதையே ஏற்று, 2011ஆம் ஆண்டு ஜனவரி முதல் அக்கம்பனிகள் வியாபார நெறிப்படி நடக்கவேண்டுமெனச் சட்டஞ் செய்தது. எல்லோருக்குமான வீடு, பொதுப்பணத்தின் தாங்குதலுள்ள வீடு என்ற இரண்டையும் ஒருங்கே வைத்திருப்பதற்குச் சட்டம் இடந்தரவில்லை.

இங்கேதான் பேராபத்து இருக்கிறது. ஒரு சேவை எல்லோருக்கும் பொதுவாயிருக்கும்வரை, அதன் தரம் குறைந்தால் ஆசிரியரும் வைத்தியரும் நியாயவாதியும் சேர்ந்து குரலெழுப்புவர். அதனை ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய மறுநாளே அக்குரல்கள் ஓய்ந்துவிடும். வரி கட்டுபவன், 'எனக்குக் கிடைக்காத ஒன்றுக்கு நான் ஏன் கொடுக்கவேண்டும்?' என்று கேட்கத் தொடங்குவான். குளத்திற் பங்கற்றவன் கட்டுக்கு மண் சுமக்க வருவானா? கட்டுத் தளரும், குளமும் வற்றும், ஈற்றிற் கெடுபவன் எந்த ஏழையின் பெயரால் விதி வகுக்கப்பட்டதோ அவனே.

அடுத்து, கணக்கு எழுதும் சுமையைப் பார்ப்போம். ஜேர்மனியில் ஸ்டெண்டால் என்னும் மாவட்டத்தின் பஸ் சேவை பற்றிய வழக்கிலே 2003ஆம் ஆண்டு நீதிமன்றம் நான்கு நிபந்தனைகளை விதித்தது. பொதுச் சேவைக் கடமை முன்கூட்டித் தெளிவாக வரையறுக்கப்படல் வேண்டும். கொடுப்பனவின் அளவுகோல் முன்னரே வெளிப்படையாக அமைதல் வேண்டும். செலவுக்கும் நியாயமான இலாபத்துக்கும் மேற்பட ஒரு காசும் செல்லலாகாது. கேள்விப்பத்திரங் கோரியோ, செவ்வனே நடக்கும் ஒரு நிறுவனத்தின் செலவோடு ஒப்பிட்டோ தொகையை நிர்ணயித்தல் வேண்டும். இவற்றை நிறைவேற்றினால் அப்பணம் தடைக்குரிய அரச உதவியாகாது. பஸ்ஸுக்கு இது பொருந்தும்; எத்தனை மைல் ஓடிற்று, எவ்வளவு எண்ணெய் எரிந்தது என்று கணக்கிடலாம். ஞாபகம் மறந்த முதியவரின் அருகே இரவு முழுவதும் விழித்திருந்த தாதியின் பணியை எந்த மைற்கல்லால் அளப்பது?

இந்த இடர்ப்பாட்டை ஐரோப்பிய ஆணைக்குழுவே உணர்ந்தது. 2005ஆம் ஆண்டில் வைத்தியசாலைகளுக்கும் சமூக வீடுகளுக்கும், 2011ஆம் ஆண்டு டிசெம்பரில் முதியோர் பராமரிப்பு, குழந்தைப் பராமரிப்பு முதலிய சேவைகளுக்கும், தொகை எவ்வளவாயினும் முன்கூட்டி அறிவிக்கத் தேவையில்லை என விலக்களித்தது. நன்று. ஆனால் வரையறையும் கணக்கும் மேற்பார்வையும் தொடர்ந்தன. பெரிய கம்பனிக்கு இதற்கெனச் சட்டத்தரணிகள் உளர். ஊர்க்கோடியில் நாற்பது முதியோரைப் பேணும் இல்லத்துக்கு யார் உளர்?

இவை யாவும் விதியின் எழுத்தா? மாற்றமுடியாதனவா? இல்லை என்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம்.

முதலாவது, மக்களின் எழுச்சி. 2004ஆம் ஆண்டு ஜனவரியில், ஒல்லாந்தைச் சேர்ந்த ஆணையாளர் பிரிட்ஸ் பொல்கெஸ்டைன் சேவைகள் பற்றிய ஒரு சட்ட நகலைக் கொண்டுவந்தார். ஒரு நாட்டில் நிலைபெற்ற நிறுவனம் தன் தாய்நாட்டுச் சட்டப்படியே வேறொரு நாட்டிற் சேவை புரியலாம் என்பது அதன் உயிர்நாடி. வைத்தியமும் சமூக சேவையும் அதில் அகப்பட்டன. தொழிற்சங்கங்கள் கிளர்ந்தன. 2005ஆம் ஆண்டு மார்ச்சில் பல்லாயிரக்கணக்கானோர் பிரஸ்ஸல்ஸ் நகர வீதிகளில் ஊர்வலம் சென்றனர். விளைவு யாது? 2006ஆம் ஆண்டு டிசெம்பரில் நிறைவேறிய சட்டத்திலே தாய்நாட்டுச் சட்டக் கோட்பாடு இல்லை. சுகாதார சேவைக்கு முற்றாக விலக்குக் கிடைத்தது. அரசாலும், அரசு பொறுப்பளித்தோராலும், அங்கீகாரம் பெற்ற தரும ஸ்தாபனங்களாலும் நடத்தப்படும் சமூக வீடு, குழந்தைப் பராமரிப்பு, துன்புற்றோர் ஆதரவு ஆகியனவும் விலக்கப்பட்டன.

இரண்டாவது, நீதியின் நிதானம். இத்தாலியின் லிகூரியா பிரதேசத்தில் அம்புலன்ஸ் சேவையைக் கேள்விப்பத்திரங் கோராது தொண்டர் சங்கங்களிடமே ஒப்படைத்தமை வழக்காயிற்று. 2014ஆம் ஆண்டு டிசெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், அச்சேவை சமூக நோக்கத்துக்கும் ஒருமைப்பாட்டுக்கும் செலவுச் சிக்கனத்துக்கும் உதவுமாயின் அவ்வாறு செய்யலாம் எனத் தீர்த்தது. சட்டப் புத்தகத்திலும் மனிதனுக்கு இடமுண்டு, தேடுவோர் தேடினால்.

'இவ்விதிகளைத் தளர்த்தினால் அரசியல்வாதிகள் தமக்கு வேண்டியவர்க்குப் பொதுப்பணத்தைப் பங்கிடுவர்' என்று கூறுவோர் உளர். இவ்வச்சத்தை நாம் அலட்சியஞ் செய்யவில்லை. வெளிப்படையான கணக்கும் கடுமையான பரிசோதனையும் அவசியமே. ஆனால் களவைத் தடுப்பது வேறு. களவில்லாத இடத்திலும் சந்தையைக் கட்டாயமாக நுழைப்பது வேறு. அன்றியும், கேள்விப்பத்திர முறைக்கும் தனக்கே உரிய தீங்கு உண்டு. 2014ஆம் ஆண்டின் கொள்முதற் சட்டம் சமூக சேவைகளுக்கு இலகுவான வழியொன்றை வகுத்தது உண்மையே. இலாபம் நாடாத சங்கங்களுக்கெனச் சில ஒப்பந்தங்களை ஒதுக்கவும் இடந்தந்தது. ஆயின் அவ்வொதுக்கீடு மூன்றாண்டுக்கு மேற்படலாகாதாம். மூன்றாண்டுக்கொருமுறை கை மாறக்கூடிய இல்லத்தில் வாழும் முதியவருக்கு, தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் முகம் நிலைக்குமா?

ஆதலின் எமது கருத்தைத் தெளிவாகக் கூறுகிறோம். வழக்கு, சந்தை வேண்டுமா வேண்டாமா என்பதன்று. நிரூபிக்கும் பாரம் யார்மீது என்பதே. இன்று, சமூக சேவையே கூண்டில் ஏறி, 'என்னைச் சந்தையினின்று விலக்குங்கள்' என்று மன்றாடுகிறது. இது தலைகீழாக மாறவேண்டும். மருத்துவமனை வாயிலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்கும் சந்தையே, தன் வரவால் நோயாளிக்கு நன்மை உண்டு என்று காட்டவேண்டும். 2009ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கையின் இணைப்பு, பொதுநலச் சேவைகளை ஒழுங்குசெய்வதில் தேசிய, பிராந்திய, உள்ளூர் ஆட்சிகளுக்குப் பரந்த சுயாதீனம் உண்டு என்று ஏற்றுள்ளது. உள்ளூராருக்கே தம் ஊரின் நோயும் நொடியும் தெரியும் என்ற இவ்வுண்மையை வெறும் அலங்கார வாசகமாக வைத்திராது, சட்டத்தின் முதல் விதியாக்க வேண்டும். 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் ஆணைக்குழு வீட்டுவசதிக்கென முதன்முறையாக ஓர் ஆணையாளரைப் பெற்றது. வீடு வெறும் சந்தைப் பண்டமல்ல என்பது பிரஸ்ஸல்ஸிலும் உறைக்கத் தொடங்கிவிட்டதற்கு இஃது ஓர் அறிகுறி.

இது தொலைதேசத்து விவகாரம் என்று எமது வாசகர்கள் ஒதுக்கிவிட மாட்டார்கள். எம்மவர் பல்லாயிரவர் இன்று அந்நாடுகளிலே வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். அந்நாட்டு வைத்தியசாலைகளில் பிள்ளை பெறுகிறார்கள். அந்நாட்டு முதியோரைத் தூக்கி நிறுத்தும் கைகளில் எம்மவர் கைகளும் உண்டு. அவர்களிற் பலர் அங்கே வாக்குரிமையும் பெற்றவர்கள். சட்டம் எழுதப்படும்போது மௌனமாயிருந்து, அது வீட்டு வாசலுக்கு வந்தபின் புலம்புவதாற் பயனில்லை.

சந்தை நல்ல வேலைக்காரன். அதனை வெங்காயம் விற்க அனுப்புவோம். குளக்கட்டின் திறப்பை அதன் கையிற் கொடுக்க வேண்டாம்.