எந்த மாவட்ட விலாசம் போடுவது, ஐயா?



தாங்கள் எந்த அலுவலகத்தில், எந்த நாற்காலியில் இருக்கிறீர்கள் என்று இங்கே எழுதவில்லை. நான்கு மாதத்தில் மூன்று மனு வாங்கிய கைக்கு இது யார் எழுத்து என்று தெரியும்.

என் அக்கா மகள் தா.பழூர் பக்கம். பி.காம். முடித்தவள், தட்டச்சில் ஹையர் பாஸ். அமெரிக்க மருத்துவமனை டேட்டா என்ட்ரி, வீட்டிலிருந்தே வேலை என்று பெரம்பலூரில் ஒரு மாடி அறையில் சொன்னார்கள். முன்பணம் 5,500. முத்திரைத்தாளில் ஒப்பந்தம். ஏழு நாளில் 600 படிவம், 98 சதவீதம் பிழையில்லாமல். பி.பி.ஓ. வேலை சிறு நகரங்களுக்கும் வரட்டும் என்று, இருக்கைக்கு 1 லட்சம் வரை மானியம் வைத்து 48,300 இருக்கைகளுக்கு மத்திய அரசு திட்டம் போட்ட நாடு இது. இவள் தன் இருக்கைக்குத் தானே பணம் கட்டினாள்.

பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப். பேட்டரி செத்து, பிளக்கோடுதான் ஓடும். மங்கலான ஸ்கேன் படத்தில் ஒஹாயோ, டெக்சாஸ் என்று யார் யாருடைய பெயரோ, தெருவோ, பாலிசி எண்ணோ. எட்டா, ஆறா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே தட்டினாள். ஏழாம் நாள் ராத்திரி 600-உம் முடிந்தது.

மறுநாள் அறிக்கை வந்தது, 87 சதவீதம்தானாம். கமாவுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் கூடினாலும் பிழை. சம்பளம் கிடையாது. பத்தாம் நாள் வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ்: ஒப்பந்தத்தை மீறியதற்கு 18,500 கட்டு, இல்லாவிட்டால் கோர்ட். (அந்த மருத்துவமனை இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். இல்லாத நோயாளிக்காக ஏழு ராத்திரி கண் விழித்திருக்கிறாள்.)

மாடி அறை பூட்டிக் கிடக்கிறது. உங்களிடம் மனு கொடுத்தால், பணம் கட்டிய இடம் பெரம்பலூர், அங்கே போ என்றீர்கள். அங்கே போனால், பெண் அரியலூர் மாவட்டம், அங்கேயே கொடு என்றார்கள். ஆன்லைன் சமாச்சாரம், சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடு என்று மூன்றாவது வழியும் காட்டினீர்கள். அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து 2001-இல் பிரித்து, 2002-இல் சேர்த்து, 2007-இல் மறுபடி பிரித்தார்கள். எங்கள் மனுவுக்கு அந்தப் பாடு நாலே மாதத்தில் முடிந்துவிட்டது. புகாரை எங்கே வாங்கலாம் என்பது நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

திருடனைப் பிடித்துத் தா என்றுகூடக் கேட்கவில்லை. அவள் போன் மணி அடித்தாலே அறைக்குள் போய்விடுகிறாள். அப்பா ஆட்டை விற்கலாமா என்கிறார். அந்த நோட்டீஸை ஒரு தடவை படித்துவிட்டு, "இது செல்லாதும்மா, பயப்படாதே" என்று அவளிடம் உங்கள் வாயால் சொல்லக்கூடாதா? அதற்குமா மேலிடத்து உத்தரவு வேண்டும்? உங்கள் வீட்டில் பெண்பிள்ளை இருந்து, அதற்கு இப்படி ஒரு காகிதம் வந்தால், எந்த மாவட்டத்துப் பெண் என்றா முதலில் கேட்பீர்கள்?

நேற்று இரண்டாவது நோட்டீஸ் வந்திருக்கிறது. 18,500 இப்போது 24,000. நகலெடுத்து உங்களுக்கு அனுப்பத்தான் கவர் வாங்கி வைத்திருக்கிறேன். விலாசத்தில் பெரம்பலூர் என்று எழுதட்டுமா, அரியலூர் என்றா?