ஒன்பதாம் வகுப்பு வாசலில் நம் பிள்ளைகள்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். சென்ற மாதம் அங்கே ஒரு மீனவத் தோழரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த அவருடைய மகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து நம் கையில் கொடுத்தாள். படித்த புத்தகங்களைப் பற்றியும் புதிய பள்ளிக்கூடத்தைப் பற்றியும் அவள் எழுதிவைத்த நோட்டு அது. "பிழை இருந்தா திருத்திக் கொடுங்க மாமா" என்றாள். எழுத்துப் பிழைகள் நாலைந்துதான் இருந்தன. ஆனால் அந்த நோட்டு சுட்டிக் காட்டிய பிழைகள் நம்முடையவை. அதனால்தான் தோழர்களே, இதை எழுதுகிறோம்.

எட்டாம் வகுப்பு வரை மனப்பாடம் செய்தே அவள் காலம் தள்ளிவிட்டாளாம். ஒன்பதுக்கு வந்ததும் கணக்கும் விஞ்ஞானமும் மலைபோல் எதிரே நின்றன. "புரியாதவர்கள் கை தூக்குங்கள்" என்று ஆசிரியை கேட்டபோது வகுப்பில் ஒரு கையும் உயரவில்லை. அன்று இரவு அதே பாடத்தை உரக்கப் படித்தாள். நான்காம் தடவை பாதி புரிந்தது. மறுநாள் மீதிப் பாதிக்காகக் கை தூக்கினாள். "தெரியாது என்று சொல்ல வெட்கப்படாமல் இருப்பதுதான் இந்த வருஷம் நான் படித்த முதல் பாடம்" என்று எழுதியிருக்கிறாள்.

இன்னொரு பக்கம் நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. மீனை ஏலத்தில் எடுக்கும் தரகர் கொடுத்த மூன்று மாதச் சீட்டுகளை அடுக்கிவைத்துக் கூட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரே முன்பணம் இரண்டு தடவை கழிக்கப்பட்டிருந்தது. தகப்பனார் சீட்டுகளோடு போய்க் கேட்டார். பணம் திரும்பி வந்தது. சம்பளச் சீட்டைப் பார்க்காமலே மடித்துப் பையில் போடும் மில் தோழர்களும், மேஸ்திரி சொல்லும் கணக்கை அப்படியே நம்பும் வயல் தோழர்களும் இதைக் கவனிக்க வேண்டும். படிப்பு பதவிக்கு மட்டும்தானா? நம் உழைப்பின் கூலி நம் கைக்கு வந்து சேரவும் படிப்பு வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: "அண்ணன் ஒன்பதாம் வகுப்புப் பாதியில் கடலுக்குப் போய்விட்டான். என்னையும் நிறுத்திவிடலாம் என்று பேசுகிறார்கள்." தோழர் தலையைக் குனிந்துகொண்டார்.

இந்தக் கரைக்கும் புத்தகத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்றையதல்ல. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூல் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. அதை ஆக்கிய பாதிரியார் அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் வாழ்ந்தவர். அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கியவனின் காசு தமிழ் அச்சுக்கு உதவியது. 400 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. அவனுடைய சந்ததி ஒன்பதாம் வகுப்பைத் தாண்டத் தவிக்கிறது. இது என்ன நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது? 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தே ஆண்டில் கொடுக்க முயல்வதாக 1950-இல் அரசியல் சட்டம் சொல்லிற்று. அதற்கென்று 2009-இல் இயற்றிய சட்டம் 2010 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது. அந்த உரிமையும் 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில்தான் சேர்க்கக் கூடாது என்கிறது. மற்ற வேலைகளுக்குத் தடை இல்லை. எந்த வயதில் கல்வி உரிமை முடிகிறதோ, அந்த வயதிலேயே வேலைக்கு வழி திறக்கிறது! 3 முதல் 18 வயது வரை கல்வி என்று 2020-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை பேசுகிறது. பேச்சு 18-க்குப் போயிற்று, சட்டம் 14-லேயே நிற்கிறது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை சம்பளம் இல்லை, பாடப்புத்தகம் இலவசம், பஸ் பாஸும் உண்டு. இவற்றை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் 14 வயதைத் தாண்டிய பிள்ளை பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டால், "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்கும் சட்டம் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஆள் பிடிக்கும் தரகர்கள் நுழைகிறார்கள். கலியாணத்துக்குப் பணம் சேரும் என்று ஆசை காட்டி, தென் மாவட்டப் பெண்பிள்ளைகளைக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்துப் பஞ்சாலைகளுக்குக் கொண்டுபோன 'சுமங்கலித் திட்டம்' என்ன செய்தது என்பதை மில் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

குற்றம் முழுவதையும் சர்க்கார் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. கூட்டத்தில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டில், "பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு போதும்" என்று சொல்லும் தோழர்கள் நம்மிடையே இல்லையா? பையன் படிக்க உட்கார்ந்தால் சத்தம் போடாதே என்கிறோம். பெண் உட்கார்ந்தால் தண்ணீர் எடுத்து வரச் சொல்கிறோம். சிங்காரவேலரை நினைத்துப் பாருங்கள். 1860-இல் சென்னையில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டையே நூலகமாக்கி ஆயிரக்கணக்கில் புத்தகங்களைச் சேர்த்தவர். 1923-இல் இந்நாட்டின் முதல் மே தினத்தைச் சென்னையில் நடத்தியவரும் அவரே. அப்படிப்பட்டவரின் படத்துக்கு மாலை போடும் கை, மகளின் புத்தகத்தைப் பிடுங்கலாமா?

ஆகவே நாம் செய்ய வேண்டியது மூன்று. கல்வி உரிமை 18 வயது வரை நீள வேண்டும் என்று ஒவ்வொரு சங்கமும் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். 1948-ஆம் ஆண்டின் நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அது நம் காசு. ஆகையால் வேலை முடிந்தவரும் பள்ளி விட்டு வரும் பிள்ளையும் வந்து படிக்கும்படி, மாலை நேரத்தில் கிளை நூலகம் திறந்திருக்கக் கேட்க வேண்டும். மூன்றாவது நம் வீட்டு வேலை: தெருவில் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, ஒருவர்கூட நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புறப்படும்போது, "அடுத்த தடவை வரும்போது ஒரு புத்தகம் கொண்டு வாங்க மாமா" என்றாள் அந்தப் பெண். தகப்பனார் குறுக்கே பேசினார்: "ஒண்ணு போதாது தோழர், ரெண்டாக் கொண்டு வாங்க. அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு வேற வருதே."

தோழர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறது?