மூச்சை அடக்கும் கணவாய்கள்

உலகக் கடல்களில் ஆக்சிஜன் குறைந்து வருகிறது. 1960-க்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகளில் இந்த இழப்பு ஏறத்தாழ 2 சதவீதம் என 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால், தனிநபர் வருமானத்தைப் போலவே இங்கும் சராசரி முழு உண்மையைச் சொல்வதில்லை. இழப்பு எல்லா இடங்களிலும் ஒரே அளவில் இல்லை. ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த நடுஆழப் பகுதிகள் மேலும் விரிவடைந்து வருகின்றன.

காரணம் எளிது. வெப்பமான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். மேற்பரப்பு சூடேறும்போது மேல்நீரும் கீழ்நீரும் கலப்பதும் தடைபடுகிறது.

இத்தகைய சூழலிலும் தாக்குப்பிடிக்கும் உயிரினமாகக் கிழக்குப் பசிபிக்கின் ஹம்போல்ட் கணவாய் பேசப்படுகிறது. 50 கிலோ எடை வரை வளரக்கூடிய இந்த வேட்டை உயிரினம், பகலில் பல நூறு மீட்டர் ஆழத்தில், பெரும்பாலான மீன்கள் வாழ இயலாத நீரில் தங்குகிறது. அங்கே தன் ஆக்சிஜன் நுகர்வை ஏறத்தாழ 80 சதவீதம் குறைத்துக்கொள்கிறது. இரவில் மேலே வந்து இரை தேடி, இழந்ததை ஈடுசெய்கிறது. வருவாய் சுருங்கும்போது செலவைச் சுருக்கும் குடும்பத்தின் சிக்கனம் இது.

கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் மூன்று இதயங்கள். தாமிரம் கலந்த நீல ரத்தம். அந்த ரத்தம் நம் ரத்தத்தைவிடக் குறைந்த ஆக்சிஜனையே சுமக்கிறது. ஆகவே, இவற்றின் சேமிப்பு இயல்பிலேயே குறைவு. கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், ஆக்சிஜன் குறைந்தபோது கணவாய், ஆக்டோபஸ் குஞ்சுகளின் பார்வைத்திறனே மங்கியது தெரியவந்தது. பார்வையை இழந்த குஞ்சு இரையையும் காணாது, எதிரியையும் அறியாது.

எனவே, 'வெப்பமாகும் கடலில் கணவாய்கள் வெல்லும்' என்ற நம்பிக்கை அவசரமானது. ஆக்சிஜன் பற்றாக்குறை ஒன்றே என்றால் அவை சமாளிக்கலாம். வெப்பமும் சேரும்போது உடலின் தேவை உயர்கிறது. நீரின் இருப்போ குறைகிறது. இரவில் ஈடுசெய்ய வேண்டிய மேல்நீரே சூடாகிவிட்டால், பகலில் பட்ட கடனை எப்படி அடைப்பது?

மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடா ஓர் எச்சரிக்கை. 2009-10 எல் நினோவுக்குப் பின் அங்குள்ள ஹம்போல்ட் கணவாய்கள் ஆறு மாதங்களிலேயே முதிர்ச்சியடைந்து, மிகச் சிறிய உருவிலேயே நின்றுவிட்டன. இனம் அழியவில்லை, ஆனால், அதை நம்பியிருந்த சாந்தா ரொசாலியா போன்ற ஊர்களின் மீன்பிடித் தொழில் சரிந்தது. உயிரினம் தப்பிப்பதும் அதைச் சார்ந்த மனிதரின் வாழ்வாதாரம் தப்பிப்பதும் ஒன்றல்ல என்பதே இதன் பாடம்.

இது தொலைதூரச் செய்தி மட்டுமன்று. உலகின் மிகப் பெரிய ஆக்சிஜன் குறைந்த நடுஆழப் பகுதிகளுள் ஒன்று நம் அரபிக்கடலில் உள்ளது. அங்கும் கணவாய்கள் வாழ்கின்றன. அவற்றைப் பெருமளவில் பிடிக்கும் ஆர்வமும் வளர்கிறது. பிடிபடும் டன்களை மட்டும் கணக்கிடாமல், கடலின் ஆக்சிஜனையும் வெப்பத்தையும் தொடர்ந்து அளந்து, அதற்கேற்பப் பிடிப்பின் அளவை வகுக்க வேண்டும். கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைப்பதே நிலையான தீர்வு. இயற்கையின் சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதை நம் ஊதாரித்தனத்துக்கான அனுமதியாகக் கொள்ளக் கூடாது.