'தே கியேரோ' ஒன்றும் இரண்டாம் தரச் சரக்கல்ல

ஸ்பானிஷ் கற்றுத்தருகிறோம் என்று கிளம்பியவர்களில் பலர் காதலுக்கு ஒரு விலைப்பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அடிமட்டத்தில் 'மே குஸ்தாஸ்': பிடித்திருக்கிறது. நடுவில் 'தே கியேரோ': ஓரளவு அன்பு. உச்சத்தில் 'தே ஆமோ': அசல் காதல். மனப்பாடம் பண்ண சுலபமான பட்டியல்தான். ஆனால் நம்பி இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

எப்படி என்கிறீர்களா? மலிவுச் சரக்கு என்று சொல்லப்படும் 'மே குஸ்தாஸ்'தான் இருப்பதிலேயே ஆபத்தானது. நட்பாகப் பழகும் வகுப்புத் தோழியிடம் அதைச் சொன்னால், உன்மேல் ஓர் ஈர்ப்பு என்று வெளிப்படையாகச் சொன்னதாகிவிடும். வெறுமனே ஒருவரைப் பிடிக்கும் என்பதற்கு 'மே கயேஸ் பியென்' என்று தனியாக ஒன்று இருக்கிறது. பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது! மாறாக அதே தோழி 'தே கியேரோ' என்றால் காதல் கடிதம் எழுத உட்காரவேண்டாம். அம்மாவுக்கும், அண்ணனுக்கும், சிநேகிதிக்கும் சொல்கிற வார்த்தை அது.

அப்படியானால் அது காதலுக்கு உதவாதா? ஸ்பெயினில் கேட்டுப் பாருங்கள். அங்கே கணவனும் மனைவியும் பெரும்பாலும் சொல்லிக்கொள்வது 'தே கியேரோ'தான். 'தே ஆமோ' அங்கே பலர் காதுக்கு நாடக வசனம் போலிருக்கும். விலைப்பட்டியல்படி பார்த்தால், ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த மாட்ரிட் தம்பதிகூட ஓரளவு அன்பிலேயே நின்றுவிட்டவர்கள். இது என்ன நியாயம்?

மெக்சிகோவில் கதை வேறு. காதலர்களுக்குள் 'தே ஆமோ' அங்கே சகஜம். பட்டியல் கொஞ்சமாவது பொருந்துவது இங்கேதான். ஆனால் பெற்ற பிள்ளையிடமும் 'தே ஆமோ' சொல்பவர்கள் அங்கே உண்டே, அவர்களை எந்தப் படியில் நிறுத்துவது?

'கெரேர்' என்றால் 'வேண்டும்' என்றுதானே அர்த்தம், காபி கேட்கவும் அதே வினைதானே என்று மடக்குவோரும் உண்டு. அகராதியில் இன்னும் இரண்டு வரி கீழே படித்தால் 'நேசித்தல்' என்ற அர்த்தமும் கண்ணில் படும்.

மூன்று வாக்கியத்தையும் ஆங்கில 'லைக்', 'லவ்' தராசில் நிறுத்துப் பார்ப்பதால் வந்த வினை இது. 20 நாடுகளில் புழங்கும் மொழி அது. யார், யாரிடம், எந்த ஊரில் சொன்னார் என்று கேட்காமல் அன்புக்கு மதிப்பெண் போடுவதை முதலில் நிறுத்துங்கள்.