ஊருக்குள் மனை வேண்டும்!

இல் என்னும் ஒரு சிறு சொல்லின் மேல் தமிழன் தன் வாழ்வியல் முழுவதையும் கட்டியெழுப்பினான். இல்லம், இல்லாள், இல்லறம் என்பன அச்சொல்லின் கிளைகள். மனை என்னும் சொல் அதனினும் விரிந்தது. அது வீட்டையும் குறிக்கும்; வீடு எழும் நிலத்தையும் குறிக்கும். மனைவி, மனையறம் ஆகிய சொற்களும் அதன் வழியே வந்தவை. நிலமும் வீடும் வாழ்வும் ஒன்றைவிட்டொன்று பிரிந்து நில்லா என்னும் உண்மையை மொழியிலேயே பொதிந்து வைத்த இனம் தமிழினம். சென்னையில் இன்றும் 2400 சதுர அடி நிலத்தை ‘ஒரு மனை’ என்றே அளந்து விற்கின்றனர். ஆனால், அந்நகரின் தெருக்களைத் துலக்கியும், சுவர்களை எழுப்பியும், மீனும் கீரையும் சுமந்து வந்து ஊட்டியும் அதனை வாழவைக்கின்ற உழைப்பாளிக்கு, அவ்வொரு மனையில் பத்திலொரு பங்குகூட ஊருக்குள் கிட்டுவதில்லை. இஃது எதனால் நேர்ந்தது?

வீடு போதாது என்பது வெறும் புலம்பலன்று. கணக்கிட்டு அறியப்பட்ட உண்மை. இந்திய நகரங்களில் 1 கோடியே 87 இலக்கத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பற்றாக்குறையாக உள்ளன என்று, இந்திய அரசு அமைத்த வல்லுநர் குழு 2012-ஆம் ஆண்டில் கணித்துரைத்தது. தமிழ்நாட்டின் பங்கு அதில் ஏறத்தாழ பன்னிரண்டரை இலக்கம். அப்பற்றாக்குறையில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது வருவாய் குன்றிய குடும்பங்களுக்குரியது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தெருவோரத்தில் கிடப்பவரும் அல்லர். இடம் போதாத சிறு வீடுகளில் நெருக்குண்டு வாழ்பவர்கள். இதற்கு ஓராண்டு முன்னர், 2011-இல் எடுக்கப்பெற்ற மக்கள்தொகைக் கணக்கோ, இந்திய நகரங்களில் 1 கோடியே 10 இலக்கம் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன என்று காட்டியது. ஆளில்லா வீடுகள் ஒருபுறம். வீடில்லா ஆள்கள் மறுபுறம்! செங்கல்லும் சுண்ணமும் இல்லாமையால் வந்த குறையன்று இது. எவருக்காக, எவ்விடத்தில், எவ்வளவு கட்டலாம் என்று வகுக்கும் முறையில் வந்த குறை.

அம்முறையை வகுப்பது எது? நகரின் நிலம் முழுவதையும் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை எனக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூற்றிலும் எழும் கட்டடத்தின் உயரம், பரப்பு, பக்க இடைவெளி ஆகியவற்றுக்கு எல்லை கட்டும் நிலப்பயன் வரைபடமே அது. தமிழ்நாட்டில் இதற்கு அடித்தளமாக நிற்பது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அச்சட்டத்தின் வழியே சென்னைப் பெருநகருக்கு 1975-இல் முதல் முழுமைத் திட்டமும், 2008-இல் இரண்டாம் முழுமைத் திட்டமும் வந்தன. இரண்டாம் திட்டம் 2026-ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்டு வரையப்பட்டது. அதனை அடுத்து வரும் திட்டம், இன்னும் ஒரு தலைமுறைக்கு எவர் ஊருக்குள் வாழ்வர், எவர் ஊருக்கு வெளியே தள்ளப்படுவர் என்பதை முடிவு செய்யும். ஆகையால், பொறியாளரும் மனை வணிகரும் மட்டும் படித்துப் பார்க்கும் தாளாக அதனை விட்டுவிடுதல் கூடாது.

நிலத்தில் கோடு கிழிப்பது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள், இறையிலி நிலங்களை எண்ணுங்கால் ஊர்நத்தம் என்று ஒன்றையும், கம்மாணசேரி, பறைச்சேரி என்று வேறு சிலவற்றையும் தனித்தனியே குறிக்கின்றன. ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊர் வேறு, சேரி வேறு எனப் பிறப்பைக் கொண்டு நிலத்தைப் பிரித்த கோடு அது. கடல் கடந்த நாடுகளும் இவ்விழிவுக்கு விலக்கல்ல. தெருக்களை நிறத்தால் பிரித்த ஒரு நகரின் சட்டத்தை அமெரிக்க உச்ச நயன்மன்றம் 1917-இல் செல்லாதென்று தள்ளியது. அதன்பின், ஒரு மனையில் ஒரு குடும்பம் வாழும் ஒரே வீடுதான் எழலாம் என்னும் விதி அந்நாட்டு நகரங்கள் பலவற்றில் பரவியது. கறுப்பர் வரக்கூடாது என்று எழுதினால்தானே குற்றம்? ஏழையால் வாங்கவியலாத அளவுக்கு மனையைப் பெரிதாக்கிவிட்டால் வேலி தானே எழும்!

சென்னையிலும் அவ்வேலி எழுந்தது. குடிசைமாற்று வாரியம் 1970-இல் தோன்றியபோது, குடிசை இருந்த இடத்திலேயோ அதன் அண்மையிலேயோ மாடி வீடுகளைக் கட்டி அம்மக்களையே குடியமர்த்துதல் அதன் நோக்கமாக இருந்தது. 1977-இல் உலக வைப்பகத்தின் கடனுதவியோடு தொடங்கிய திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சிறுசிறு மனைகள் பிரிக்கப்பட்டன. எளியவருக்கான மனையும் இடைநிலையாளருக்கான மனையும் அங்கு அடுத்தடுத்து அமைந்தன. மக்கள் தம் வருவாய்க்கேற்ப மெல்ல மெல்லக் கட்டிக்கொண்டனர். அவை இன்று நகரோடு நகராய் ஒன்றிப்போன பகுதிகள்.

2000-ஆம் ஆண்டுக்குப் பின் போக்கு மாறியது. துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரியும், 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கமும் ஆற்றங்கரையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களால் நிரம்பின. கரையில் வெள்ளம் வரும் என்று சொல்லிப் பெயர்க்கப்பட்ட மக்கள், பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில், மழை வந்தால் நீர் சூழும் தாழ்நிலத்தில் குடியேற்றப்பட்டனர்! கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் புகுமுன் தங்கிய இடம் புறஞ்சேரி என்று சிலப்பதிகாரம் கூறும். அக்கண்ணகியின் பெயரையே தாங்கிய இற்றைக் குடியிருப்பும் ஒரு புறஞ்சேரியாய் அமைந்தது எத்துணைக் கொடிய பொருத்தம்! வாரியத்தின் பெயரை 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றினர். பெயர் மாற்றம் நன்றே. குடிசை என்னும் இழிவுக் குறி நீங்கியது. ஆயின், வாழ்விடம் என்பது நான்கு சுவர் மட்டுமன்று. வேலைக்கு நடந்து செல்லும் தொலைவும், பிள்ளையின் பள்ளியும், மருத்துவமனையும், கடனுக்குப் பொருள் தரும் கடைக்காரனும் சேர்ந்தே வாழ்விடம். வீட்டு வேலை செய்து நாள் வருவாயில் வாழும் ஒரு பெண்ணை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் குடியமர்த்திவிட்டால், அவளுக்கு வீடு கிடைக்கும், வேலை போகும். இரண்டையும் காக்க முயன்றாலோ, கூலியின் ஒரு பகுதியும் பொழுதின் ஒரு பகுதியும் பேருந்துக்கே போகும்.

தமிழ் உணர்வாளர்கள் எண்ணிப் பார்க்கவேண்டியது இன்னும் ஒன்றுண்டு. தமிழைப் பயிற்று மொழியாகக் கொண்ட மாநகராட்சிப் பள்ளிகளை இன்றுவரை தாங்கி நிற்பவர்கள் யாவர்? மாளிகைவாழ் மக்களா? அல்லர், உழைக்கும் ஏழைகளின் பிள்ளைகளே. அக்குடும்பங்களை நகரின் நடுவிலிருந்து பெயர்த்தெறிந்தபின், அத்தெருவின் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வருவர்? மாணவரில்லை என்று சொல்லி அதனை மூடுவது எளிதாகிவிடும். பெயர்க்கப்பட்ட இடத்திலோ, ஆண்டின் நடுவே வந்த பிள்ளை படிப்பைத் துறந்து வேலைக்குப் போகும். பயிற்றுமொழிக்காகப் போராடுவோர், அம்மொழியில் பயிலும் பிள்ளையின் குடியிருப்புக்காகவும் போராடியாக வேண்டும். ஊருக்குள் தமிழ் வாழவேண்டுமாயின், ஊருக்குள் தமிழ் பேசும் ஏழை வாழவேண்டும்.

செய்யத்தக்கது யாது? முதலாவது, ஊருக்குள் மிகுதியான சிறு வீடுகள் எழ வழிவிடுதல். ஒரு மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு என்பர். சென்னையில் உயரங்குறைந்த கட்டடங்களுக்கு அக்குறியீடு நெடுங்காலம் ஒன்றரையாக இருந்தது. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அதனை இரண்டாக உயர்த்தின. 2400 சதுர அடி மனையில் முன்னர் 3600 சதுர அடி கட்டலாம். இப்பொழுது 4800 கட்டலாம். படிக்கட்டு முதலியவற்றை விலக்கிப் பார்த்தால், 400 சதுர அடி வீடுகள் ஒன்பதுக்கு மாறாகப் பன்னிரண்டு. நிலம் அதுவே, குடும்பம் மூன்று கூடுதல். ஆனால், தெருவின் அகலம், பக்க இடைவெளி, வண்டி நிறுத்துமிடம் ஆகிய விதிகள் அக்கூடுதலைப் பல மனைகளில் தாளளவில் நிறுத்திவிடுகின்றன. ஒரு மகிழுந்து நிற்க ஏறத்தாழ 135 சதுர அடி வேண்டும். அது வந்துபோகும் வழியையும் சேர்த்தால் அவ்விடம் இருமடங்காகும். மகிழுந்துக்கு இடம் எங்கே என்று கேட்கும் சட்டம், மாந்தனுக்கு இடம் எங்கே என்று கேட்கவேண்டாவா? தொடர்வண்டி நிலையங்களுக்கும் பேருந்துத் தடங்களுக்கும் அண்மையில், சிறு வீடுகளுக்கேனும் இத்தகைய தளைகள் தளரவேண்டும்.

இரண்டாவது, எழும் வீடுகளில் எளியவர்க்குப் பங்கு. வெறுமனே உயரத்தைக் கூட்டினால், நிலத்தின் விலையே ஏறும். ஊதியம் முழுவதையும் நிலவுடைமையாளரும் கட்டட முதலாளியும் அள்ளிச் செல்வர். ஆங்கிலப் பெயர் சூட்டிய அடுக்ககங்கள் வானளாவும். அவற்றைக் கட்டிய கைகளோ ஊர்ப்புறத்துக்குத் திரும்பும். ஆகவே, கூடுதலாகக் கட்டும் உரிமையைச் சட்டம் கொடுக்குமாயின், அதற்கு ஈடாக ஒரு பகுதி வீடுகளை அக்கட்டடத்திலோ அத்தெருவிலோ எளியவர்க்கு ஒதுக்கவேண்டும். பணமாகச் செலுத்தித் தப்பிக்க இடமளித்தால், அப்பணம் விலை மலிந்த தொலைநிலத்தையே நாடும். பழைய கதையே தொடரும்.

மூன்றாவது, அரசே கட்டுதல். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூர் இதற்குச் சான்று. அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தோன்றியது. அடுத்த ஆண்டு மே திங்களில் புக்கிட் ஓ சுவீ குடிசைப்பகுதி தீக்கிரையாகி, ஏறத்தாழ 16,000 மக்கள் வீடிழந்தனர். அரசு அத்தீக்களத்தைக் கையகப்படுத்தி, அங்கேயும் அதன் அண்மையிலும் அடுக்கு வீடுகளை எழுப்பி அவர்களைக் குடியமர்த்தியது, ஊரைவிட்டு விரட்டவில்லை. முதல் ஐந்தாண்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. இன்று அந்நாட்டில் வாழ்வோருள் பத்துப்பேரில் ஏறத்தாழ எட்டுப்பேர் அக்கழகம் கட்டிய வீடுகளில் உள்ளனர். விதியைத் தளர்த்தினால் வீடு பெருகும் என்பதற்கு நியூசிலாந்தின் ஆக்லாந்து சான்று. அந்நகர் 2016-இல் தன் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்காற்பங்கில் மிகுதியான வீடுகள் கட்ட வழிவிட்டது. ஐந்தாறு ஆண்டுகளில், கட்ட இசைவு பெற்ற வீடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்காயிற்று.

மக்கள் நெருக்கம் மிகுந்தால் நீர் போதாது, கழிவுநீர்க் குழாய் தாங்காது என்பர் சிலர். அவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால், ஊருக்குள் வாழ்ந்தாலும் ஊருக்கு வெளியே வாழ்ந்தாலும் மாந்தன் நீர் குடித்தே ஆகவேண்டும். இருக்கும் குழாயைப் பெரிதாக்குவதா, ஏரியையும் சதுப்பையும் தூர்த்துப் புதுக்குழாய் இழுப்பதா என்பதே வினா. நகர் பக்கவாட்டில் பரவப்பரவ விழுங்கப்படுவன தமிழன் வெட்டிய ஏரிகளும் உழுத வயல்களும் அல்லவா?

இறுதியாக, உரிமைகள் பலவற்றைத் தில்லியிடம் கேட்டுக் குரல் எழுப்புவது தமிழ்நாட்டின் கடமை. ஆனால், நிலம் இந்திய அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் பதினெட்டாவதாக இடம்பெற்ற பொருள். எம்மனையில் எவ்வளவு கட்டலாம் என்று வகுக்கத் தமிழ்நாட்டரசு எவரிடமும் கையேந்த வேண்டுவதில்லை. கையிலிருக்கும் உரிமையை எளியவனுக்காகப் பயன்படுத்தாத ஆட்சி, கைக்கு வராத உரிமையைக் கேட்கும்போது அதன் குரலுக்கு வலிவேது?

தமிழ்நாடு தமிழருக்கே என்று முழங்குவது எளிது. அத்தமிழரும் தம் ஊரின் நடுவே, தம் தொழிலின் அருகே, தம் பிள்ளையின் பள்ளிக்கு நடந்து செல்லும் தொலைவில், தாழிட்டுக்கொள்ள ஒரு கதவோடு வாழவேண்டும் என்பதே அம்முழக்கத்தின் பொருள். அடுத்த முழுமைத் திட்டத்தின் வரைவு மக்களின் கருத்துக்கு வைக்கப்பெறும் நாளில், ஒவ்வொரு தமிழ் மன்றமும் அதனை வாங்கிப் படிக்க வேண்டும். புறஞ்சேரிக் கோட்டை அழித்தெழுதக் கோரி எழுத்துவழி முறையிட வேண்டும். கோடு கிழித்தவரும் மாந்தரே. அதனை அழிக்க வல்லவரும் மாந்தரே!